கரையை உயர்த்தினால் தண்ணீர் கூடுமா? மும்பையின் ஏரிகளைக் கொண்டு ஒரு விளக்கம்

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் சொசைட்டிக் கூட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் ஒரு யோசனை வந்தது. தரைக்கடியில் இருக்கும் டாங்கி சிறியது, அதை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டால் வாட்டர் கட் அறிவிக்கப்படும் நாட்களில் லாரித் தண்ணீருக்குக் காசு அழ வேண்டியதில்லை என்றார் ஒருவர். எல்லோரும் தலையசைத்தார்கள். பாலக்காட்டிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் மாமி ஒருவர் மட்டும், "இப்போ இருக்கற டாங்கி என்னிக்காவது வழிஞ்சிருக்கா?" என்று கேட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்ததில், குழாயில் தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்தில் அது முக்கால்வாசிதான் நிரம்புகிறது என்று தெரிந்தது. யோசனை அத்துடன் நின்றது.

ஒரு நகரத்துக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கலாமா என்று அரசுகள் யோசிக்கும்போதும் முதலில் எழ வேண்டியது மாமியின் கேள்விதான். "வழிகிறது" என்று பதில் வந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வழிகிறது, எவ்வளவு வழிகிறது, அதைப் பிடித்து வைக்க எழுப்பும் கூடுதல் உயரத்தைப் பழைய அணை தாங்குமா, புதிதாக மூழ்கப்போகும் நிலத்தில் யார் இருக்கிறார்கள், பிடித்த தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரக் குழாய் இருக்கிறதா என்று அந்தக் கேள்வி கிளை விட்டுக்கொண்டே போகும்.

ஏழு ஏரிகளும் ஓர் ஆண்டும்

மும்பை மாநகராட்சி ஏழு ஏரிகளிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. விஹாரும் துளசியும் நகரத்துக்குள்ளேயே, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுக்குள் இருக்கின்றன. தான்சா, மோடக் சாகர், நடு வைதர்ணா, மேல் வைதர்ணா, பாத்சா ஆகிய மற்ற ஐந்தும் நகரத்துக்கு வெகு தொலைவில், சஹ்யாத்திரி மலைத்தொடரின் அடிவாரத்திலும் அதற்கு மேலும் அமைந்தவை. ஏழும் விளிம்பு வரை நிரம்பினால் 14,47,363 மில்லியன் லிட்டர் தண்ணீர் இருக்கும். தமிழ்ச் செய்தித்தாள்களில் டிஎம்சி கணக்கையே படித்துப் பழகியவர்களுக்காகச் சொன்னால், ஒரு டிஎம்சி என்பது ஏறத்தாழ 28,317 மில்லியன் லிட்டர்; ஆகவே மும்பையின் மொத்தக் கொள்ளளவு 51 டிஎம்சி. மேட்டூர் அணை ஒன்றின் கொள்ளளவே 93.47 டிஎம்சி என்பதால், இந்தப் பெருநகரம் மேட்டூரின் பாதியைவிடச் சற்று அதிகமான தண்ணீரை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதையும் ஓட்டுகிறது.

மாநகராட்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,900 மில்லியன் லிட்டர் வழங்குகிறது. மேலே சொன்ன கொள்ளளவை இதனால் வகுத்தால் 371 நாட்கள் வரும். வெயிலில் ஆவியாகும் நீரைக் கழித்தால் அதுவும் குறையும். கையிருப்பு, ஆக, சரியாக ஓர் ஆண்டுக்கானது. கொங்கணக் கரையில் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரையில்தான் பெய்யும் என்பதால், அக்டோபர் 1 அன்று ஏரிகளில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்தே அடுத்த ஒன்பது பத்து மாதங்களுக்கான கணக்கு போடப்படுகிறது. அன்றைக்குக் குறைந்தால் கோடையில் குறையும். பருவமழை இரண்டு வாரம் பிந்தினாலும் ஊர் தவித்துப் போகும். 2024-இல் மே 30 அன்று 5 சதவீத வெட்டும் ஜூன் 5 முதல் 10 சதவீத வெட்டும் நடைமுறைக்கு வந்து, ஏரிகள் நிரம்பத் தொடங்கிய பிறகு ஜூலை 29 அன்றுதான் விலக்கிக்கொள்ளப்பட்டன.

நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்குவதன் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிதாக்கப்பட்ட ஏரி புதிதாக ஒரு துளியையும் உண்டாக்குவதில்லை. ஜூலையில் கலிங்கு (நிரம்பிய ஏரியின் உபரி நீர் வெளியேறும் வழி) வழியே வழிந்து கடலுக்குப் போகும் நீரை மே மாதம் வரை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. நல்ல மழை ஆண்டின் மிச்சத்தைக் கெட்ட ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் அளவுக்குக் கொள்ளளவு இருந்தால், பருவமழை ஒருமுறை பொய்த்தாலும் ஊர் தாங்கும். மும்பையிடம் அந்த அளவு மிச்சம் இல்லை.

புதிய அணை கட்டுவதைவிட ஏன் பழையதை உயர்த்த வேண்டும்?

புதிய அணைக்கு ஏற்ற இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இருபுறமும் மலை நெருங்கி, நடுவில் உறுதியான பாறையும் பின்னால் விரிந்த பள்ளத்தாக்கும் உள்ள இடங்களை முன்னோர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பழைய அணையில் சாலை, குழாய், சுரங்கம், ஊழியர் குடியிருப்பு எல்லாமே இருக்கின்றன. நீரோட்டத்தைப் பற்றிய பல பத்தாண்டுப் பதிவுகளும் இருக்கின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பலர் மதிப்பதில்லை, ஆனால் என் பார்வையில் அதுவே பெரிய சொத்து. புதிய ஆற்றில் ஊகத்தை வைத்துக் கட்டுவோம், பழைய ஏரியில் நடந்ததை வைத்துக் கட்டலாம்.

மும்பையே இதை முன்பு செய்திருக்கிறது. மித்தி ஆற்றின் தலைப்பில் மண் அணைகள் கட்டி 1860-இல் உருவான விஹார் ஏரிதான் இந்நகரத்தின் முதல் குழாய்த் தண்ணீர். மக்கள் தொகை பெருகியதால் 1872-இல் அதன் கரை உயர்த்தப்பட்டது. அதுவும் போதாமல் 1879-இல் துளசி வந்தது. தான்சா 1892-இல் முடிந்தது. ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கருங்கல் அணை பின்னாளில் உயர்த்தப்படும் என்ற எண்ணத்துடனேயே வடிவமைக்கப்பட்டது. அடுத்து 1915, 1925, 1948 ஆகிய ஆண்டுகளில் கட்டம் கட்டமாக அதன் நீர்வழங்கல் பெருக்கப்பட்டது. இன்று முலுண்டிலும் காட்கோபரிலும் சயானிலும் இருப்புப்பாதைக்கும் குடிசைகளுக்கும் இடையில் ஆள் உயரத்துக்கு ஓடும் பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள்; தான்சாத் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் நகரத்துக்குள் வருகிறது. அணை வளர்ந்தபோது குழாயும் கூடவே வளர வேண்டியிருந்தது என்பதை அந்தக் குழாய் வரிசையே காட்டிவிடும்.

ஒரு காலத்தில் ஊர் முழுவதற்கும் போதுமாயிருந்த விஹார் ஏரியின் 27,698 மில்லியன் லிட்டர் இன்றைய மும்பைக்கு ஏழு நாள் தண்ணீர். துளசி இரண்டு நாள்.

பாத்திரத்தின் வடிவம்

ஒரு நீர்த்தேக்கத்தை ஓரடி உயர்த்தினால் எவ்வளவு தண்ணீர் கூடும் என்பதைப் பள்ளத்தாக்கின் வடிவம் முடிவு செய்கிறது. பள்ளத்தாக்கு பெரும்பாலும் உருளி போன்றது, அடியில் குறுகி மேலே போகப் போக விரியும். உருளியில் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றும் பாலைவிட விளிம்பருகே அதே ஒரு விரற்கடைக்கு ஊற்ற வேண்டிய பால் பல மடங்கு.

மேட்டூரின் நீர்மட்டச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. மட்டம் 120 அடியாக இருக்கும்போது இருப்பு 93.47 டிஎம்சி, 100 அடிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 65 டிஎம்சி. உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, தண்ணீரில் முப்பது சதவீதம் போய்விட்டது. அணையை உயர்த்துவோருக்கு இதே கணக்கு மறுபக்கமாக வேலை செய்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகருக்காக 1940களில் கட்டப்பட்ட சான் விசென்டே அணையை 220 அடியிலிருந்து 337 அடிக்கு உயர்த்தும் பணி 2014-இல் முடிந்தது. உயரம் ஒன்றரை மடங்குதான் ஆனது. கொள்ளளவோ ஏறத்தாழ 1.1 லட்சம் மில்லியன் லிட்டரிலிருந்து 3 லட்சத்துக்கு, அதாவது இரண்டே முக்கால் மடங்குக்குப் பக்கமாக, உயர்ந்தது.

ஆயினும் பெருநகரத்தின் தாகத்துக்கு முன்னால் இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பத்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரியை ஒரு மீட்டர் உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். கூடுவது 10,000 மில்லியன் லிட்டர், மும்பைக்கு இரண்டரை நாள் தண்ணீர். அதிலும் ஒரு பங்கை வெயில் எடுத்துக்கொள்ளும். பரப்பு விரிந்தால் ஆவியாகும் நீரும் கூடும். நம் நாட்டின் வெப்பத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீர் காற்றோடு போவது சாதாரணம். எனவே ஆழத்தைக் கூட்டும் உயர்த்தல் லாபம், பரப்பை மட்டும் விரிக்கும் உயர்த்தல் பாதி நட்டம்.

சுவர் தாங்குமா?

இந்த விஷயத்தில் பொதுமக்கள் மிகவும் குறைவாக மதிப்பிடுவது இந்தப் பகுதியைத்தான். வீட்டுச் சுற்றுச்சுவரில் இரண்டு வரிசை செங்கல் ஏற்றுவதுபோல அணையில் ஏற்றிவிட முடியாது. நீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆழம் கூடக் கூட, அந்த அழுத்தம் படியும் சுவரின் பரப்பும் கூடுகிறது. ஆகவே நீர் அணையைத் தள்ளும் மொத்த விசை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். அந்தத் தள்ளல் அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திறன் இன்னும் வேகமாக, மும்மடிக்கு ஏற்ப வளரும். நீரின் உயரத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தள்ளும் விசை 21 சதவீதமும் கவிழ்க்கும் திறன் 33 சதவீதமும் கூடிவிடும். சான் விசென்டேவில் ஒன்றரை மடங்கு உயரத்துக்கு, இந்த எளிய கணக்கின்படி, கவிழ்க்கும் திறன் மூன்றரை மடங்கு ஆனது.

கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய பெரும்பாலான அணைகள் தங்கள் எடையாலேயே நிற்கின்றன. நீர் தள்ளும், எடை ஊன்றி நிற்கும். இவை இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விசை ஒன்றும் உண்டு. அணையின் அடியிலும் பாறை இடுக்குகளிலும் கசியும் நீர் அணையைக் கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும். அதனால் அணையின் எடையில் ஒரு பங்கு பயனற்றுப் போகும். நீர்மட்டம் உயர்ந்தால் இந்தத் தூக்கலும் உயரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அணைகள் பலவற்றைக் கட்டியபோது இந்த விசையைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் இருக்கவில்லை. அவற்றை உயர்த்துவதற்கு முன்னால், இருக்கிற உயரத்துக்கே அவை போதுமானவையா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பழைய கல் அணைக்குக் கூடுதல் வலு தரும் வழிகளைத் தமிழ் வாசகர்கள் வேறொரு பெயரில் அறிவார்கள். 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கொண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில், பாதுகாப்புக் குறித்த அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்ட பிறகு, மூன்று வேலைகள் செய்யப்பட்டன. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டு எடை கூட்டினார்கள். மேலிருந்து அணையைத் துளைத்து, அடிப்பாறை வரை எஃகுக் கம்பிவடங்களை இறக்கி, அவற்றை இழுத்து இறுக்கிக் கட்டினார்கள். பின்புறத்தில் கான்கிரீட்டால் ஒரு முட்டுச் சுவரைச் சேர்த்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இரு மாநில வழக்கைப் பற்றி இங்கே பேச வரவில்லை. ஆறு அடித் தண்ணீருக்குப் பின்னால் எவ்வளவு வேலையும் எத்தனை ஆண்டுகளும் இருக்கின்றன என்பதற்கே இதைச் சொல்கிறேன். உலகெங்கும் அணைகளை உயர்த்தும்போது செய்யப்படுவது ஏறத்தாழ இதே மூன்றின் பெரிய வடிவம்தான். சான் விசென்டேவில் பழைய கான்கிரீட்டின் பின்முகத்தைச் சொரசொரப்பாக்கி, அதோடு ஒட்டும்படி உருளை இயந்திரத்தால் அழுத்திய கான்கிரீட்டைப் படிப்படியாக அடுக்கினார்கள். மும்பைக்காக 2012-இல் எழுந்த 102 மீட்டர் உயர நடு வைதர்ணா அணையும் இந்த வகைக் கான்கிரீட்டால் ஆனது.

மண் அணைக்கு முறை வேறு. அது சரிவின் பலத்தால் நிற்பது. தலையை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டுமானால் சரிவு மாறாமலிருக்க அடியை நான்கைந்து மீட்டர் அகலப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் சாலையோ வீடோ இருந்தால் திட்டம் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

சில சமயம் பழைய அணையைத் தொடாமலே விட்டுவிடுவது மலிவாகிறது. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவுக்கு நீர் தந்த காட்டர் அணை 1915-இல் கட்டப்பட்டு, 1951-இல் ஒருமுறை உயர்த்தப்பட்டது. நீண்ட வறட்சிக்குப் பிறகு அதைப் பெரிதாக்க முடிவு செய்தபோது, சற்றுக் கீழே ஒரு புதிய அணையை எழுப்பி, பழையதை அதன் நீருக்குள்ளேயே மூழ்கவிட்டார்கள். 2013-இல் பணி முடிந்தபோது 4,000 மில்லியன் லிட்டர் ஏரி 78,000 மில்லியன் லிட்டர் ஏரியாகியிருந்தது. பழைய அணை வேலை முடியும் வரை தண்ணீர் தந்துகொண்டே இருந்தது என்பது இதில் கூடுதல் வசதி. மற்ற முறைகளில் ஏரியின் மட்டத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், ஊரோ அதே ஏரியைக் குடித்துக்கொண்டிருக்கும். அடுப்பில் உலை கொதிக்கும்போதே அடுப்பை மாற்றிக் கட்டுவது போன்ற வேலை அது.

வெள்ளத்துக்கு வழி

அணையை உயர்த்துவோர் வறட்சியை நினைத்து உயர்த்துகிறார்கள். அணை உடைவதோ வெள்ளத்தில். கலிங்கின் மட்டத்தை உயர்த்தினால் ஏரி எப்போதும் விளிம்பருகே நிற்கும், திடீர் வெள்ளத்துக்கு இருந்த இடம் குறையும். ஷட்டர்களைப் பொருத்துவது ஓர் இடைவழி. கலிங்கின் மேல் நிறுத்திய கதவுகள் மழைக்காலத்தின் முடிவில் மூடப்பட்டுக் கூடுதல் நீரைத் தேக்கும், வெள்ளத்தில் திறந்துவிடப்படும். தான்சாவில் இப்படி 38 கதவுகள் இருக்கின்றன. ஆனால் கதவு என்பது இயந்திரம். மின்சாரம் போன இரவில், மழை கொட்டும்போது, அதை யாராவது திறந்தாக வேண்டும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பையில் அன்று இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கலிங்கின் அகலத்தை முடிவு செய்தவர்களிடம் அப்படிப்பட்ட மழையின் பதிவு கிடையாது. குஜராத்தின் மோர்வி நகரத்துக்கு மேலிருந்த மச்சு அணையில் 1979 ஆகஸ்டில் வெள்ளம் மண்கரையின் மேல் ஏறிப் பாய்ந்து கரையை அரித்ததில் அந்த ஊரே அழிந்தது. மண்கரையின் தலைக்கு மேல் நீர் போகவே கூடாது என்பதால், உயர்த்தும் ஒவ்வோர் அணைக்கும் கலிங்கை முதலிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். பல திட்டங்களில் அணையை உயர்த்துவதைவிடக் கலிங்கை விரிப்பதே பெரிய செலவாக முடிகிறது.

மகாராஷ்டிரத்தில் நிலநடுக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1967 டிசம்பரில் கொய்னா நீர்த்தேக்கத்தின் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, தேங்கிய நீரின் பாரமும் பாறைக்குள் ஊடுருவும் அழுத்தமும் நிலத்தை அசைக்கக்கூடும் என்பது இங்கே ஏட்டுச் செய்தியாக இல்லை. பாத்சா ஏரி நிரம்பி வந்த காலத்தில், 1983-இல், அதைச் சுற்றியும் தொடர் அதிர்வுகள் பதிவாயின.

மூழ்கும் விளிம்பு

உருளியின் வாய் விரிந்தது என்று மேலே மகிழ்ந்தோம் அல்லவா, அந்த விரிவு முழுவதும் யாரோ ஒருவரின் நிலம். உயர்த்தும்போது புதிதாக மூழ்குவது ஏரியின் விளிம்பு; முதல் அணைக்காக ஒருமுறை இடம்பெயர்ந்தவர்கள் பிறகு குடியேறுவதும் அதே விளிம்பில்தான். தான்சாவைச் சுற்றி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, வார்லி, காத்கரி பழங்குடி மக்களின் பாடாக்கள் (சிற்றூர்கள்) இருக்கின்றன. மும்பையின் ஏரிகளில் பெரியவற்றைத் தாங்கி நிற்கும் ஷகாபூர் வட்டத்தின் கிராமங்கள் கோடையில் டாங்கர் லாரிக்குக் காத்திருப்பது ஆண்டுதோறும் வரும் செய்தி. அந்த மக்களிடம் போய் இன்னும் மூன்று மீட்டர் உயர்த்தப்போகிறோம் என்று சொல்வது பொறியியல் கேள்வியாகவே இருக்க முடியாது என்பது என் கருத்து. புதிய அணையானாலும் இதுவே நிலை. நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் தரும் என்று நெடுங்காலமாகப் பேசப்படும் கார்காய் அணைத் திட்டம் வெட்ட வேண்டிய லட்சக்கணக்கான மரங்களின் கணக்கில் சிக்கித் தயங்கியது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களும் உண்டு. கலிங்கில் வழிவதை வீண் என்று சொல்வது ஏரிக்காரரின் பேச்சு. முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவருக்கும் ஆற்றங்கரைக் கிணற்றுக்காரருக்கும் அது வரத்து. கிருஷ்ணராஜ சாகர் அணையை எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்பதுதான் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1924 ஒப்பந்தம் வரை இழுத்த வழக்கின் மையம் என்பதைக் காவிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் மாமியின் கேள்வி

இவ்வளவையும் தாண்டி வந்த பிறகும் கணக்கு வரத்தில்தான் வந்து நிற்கும். பொறியாளர்கள் பல பத்தாண்டு மழை, நீரோட்டப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஏரி இந்த உயரத்தில் இருந்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் என்ன ஆகியிருக்கும் என்று நாள்வாரியாக ஓட்டிப் பார்க்கிறார்கள். பாசனத்துக்கு நான்கில் மூன்று ஆண்டுகள் நிரம்பினால் போதும் என்று கொள்வது வழக்கம். குடிநீருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளாவது தவறாமல் கிடைக்க வேண்டும். அந்த உறுதியோடு நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்பதே ஏரியின் உண்மையான மதிப்பு, கொள்ளளவு அல்ல. ஆண்டுதோறும் வழியும் ஏரியை முதல் சில மீட்டர் உயர்த்தும்போது இந்த மதிப்பு வேகமாகக் கூடும். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் நிரம்பும் உயரத்துக்கு வந்துவிடுவோம். அங்கே கொட்டும் கான்கிரீட் பெரும்பாலும் காற்றைத்தான் தேக்கும்.

பெங்களூரு இதற்கு மறுமுனை. 1890களில் ஹெசரகட்டாவும் 1930களில் திப்பகொண்டனஹள்ளியும் அந்நகரத்துக்கு ஆர்க்காவதி ஆற்றின் நீரைத் தந்தன. நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடங்களும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகி ஆறு வற்றியதால், அணைகள் அப்படியே நிற்க, ஊர் காவிரியை நோக்கி மேலும் மேலும் குழாய் போட வேண்டியதாயிற்று. அந்தக் கரைகளைப் பத்தடி உயர்த்தியிருந்தாலும் பயன் ஏதும் இருந்திருக்காது.

வரத்தை வேறெங்கிருந்தோ கொண்டுவர முடிந்தால் கதை மாறும். சான் விசென்டேவின் கூடுதல் இடம் பெரும்பாலும் தொலைவிலிருந்து குழாயில் வரும் நீரை நெருக்கடிக் காலத்துக்காகச் சேமிக்க உண்டானது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வரும் என்று ஆனபோது பூண்டி ஏரியின் மட்டத்தை இரண்டடி உயர்த்தியதும் இதே தர்க்கத்தில்தான்; 1996-இல் அந்த நீர் தமிழக எல்லையைத் தொட்டது.

தூர்வாரலாமே என்று பலரும் கேட்பார்கள். சிறிய கண்மாய்க்கு அது அருமருந்து. பெரிய நீர்த்தேக்கத்தில் கணக்கு கசக்கும். விஹார் போன்ற சிறிய ஏரியின் கொள்ளளவில் ஒரு சதவீதத்தை மீட்க வேண்டுமானால் ஏறத்தாழ 2.77 லட்சம் கன மீட்டர் சேற்றை எடுக்க வேண்டும். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 27,000 லாரிகளுக்கு மேல், அதுவும் தேசியப் பூங்காவின் காட்டுப் பாதையில், கிடைப்பதோ மும்பைக்கு இரண்டு மணி நேரத்துக்குக்கூடப் போதாத தண்ணீர்.

மழைக்காலத்தில் நாளிதழ்கள் ஏழு ஏரிகளின் மட்டத்தையும் சதவீதத்தையும் தினமும் அட்டவணையாக வெளியிடுகின்றன. நாம் எல்லோரும் சதவீதத்தையே பார்க்கிறோம். கரையை உயர்த்தும் பேச்சு எந்த ஏரிக்குப் பொருந்தும் என்று அறிய விரும்புபவர், எந்த ஏரி எந்தத் தேதியில் வழியத் தொடங்கியது, அதற்குப் பிறகு எத்தனை நாள் மழை மிச்சமிருந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். சிறிய துளசி பெரும்பாலும் முந்திக்கொள்ளும், அதன் உபரி விஹாருக்குள் போகும். விஹாரும் நிரம்பிய பிறகு வழியும் தண்ணீர் மித்தி ஆறாக இறங்கி, பவாய் ஏரியின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, குர்லாவைத் தாண்டி, தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளுக்குப் பின்புறமாக மாஹிம் கழிமுகத்துக்குப் போய்விடும்.